கண்ணில் குறையில்லை என்றால் பார்வை எங்கே போனது?

வாசகர் கேள்வி:

“என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் இடது கண்ணில் பார்வை மிகவும் குறைவாக இருப்பது தெரியவந்தது. கண் மருத்துவர், ‘கண்ணின் அமைப்பில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு கண்களுக்கும் பவர் வித்தியாசம் அதிகம் என்பதால் மூளை இடது கண்ணைப் பயன்படுத்தப் பழகவில்லை’ என்றார். கண்ணாடி போட வேண்டும், தினமும் இரண்டு மணி நேரம் நன்றாகத் தெரியும் வலது கண்ணை மூடி வைக்க வேண்டும் என்கிறார். நல்ல கண்ணை மூடினால் மற்றக் கண் எப்படிச் சரியாகும்? மூளையில் பார்ப்பதற்கென்றே அணுக்கள் இருக்கின்றன அல்லவா, அவை ஏன் தங்கள் வேலையைச் செய்யவில்லை? மூளை அணுக்கள் பிறந்த பிறகு புதிதாக உருவாவதில்லை, அதனால் இந்த வைத்தியம் வீண் என்கிறான் என் தம்பி. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகனோ, நியூரான்கள் எல்லாம் ஒன்றுதான், வயரிங் மட்டும்தான் வேறு என்கிறான். யார் சொல்வதை நம்புவது?”

அன்புள்ள வாசகிக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சொன்ன கண்ணாடியை வாங்கிப் போடுங்கள். அவர் சொன்னபடி வலது கண்ணை மூடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். காரணங்களை அதன் பிறகு நிதானமாகப் படிக்கலாம். நான் நரம்பியல் ஆராய்ச்சியில் இருப்பதால், ஏன் மூட வேண்டும் என்பதைத்தான் என்னால் விளக்க முடியும். எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்பதெல்லாம் குழந்தையை நேரில் பரிசோதித்தவர் முடிவு செய்ய வேண்டியவை.

“பார்ப்பதற்கென்றே அணுக்கள் இருக்கின்றன அல்லவா” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குழப்பத்தின் முடிச்சு இந்த வரியில் இருக்கிறது. பார்வைக்கு ஓர் இடம், கேட்பதற்கு ஓர் இடம், கை கால் அசைவுக்கு ஓர் இடம் என்று பாடப்புத்தகங்களில் மூளைக்கு வண்ணம் தீட்டிக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் தவறில்லை. ஆனால் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், பின்தலையில் இருக்கும் நியூரான், அதாவது மூளையின் நரம்பணு, பார்க்கத் தெரிந்தே பிறந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு நியூரானுக்கு எங்கிருந்து செய்தி வருகிறது, அது எங்கே செய்தி அனுப்புகிறது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் அதன் வேலையைத் தீர்மானிக்கின்றன. வருகிற செய்தி நின்றாலோ மங்கினாலோ, பார்வைக்கான இடத்தில் இருந்துகொண்டே அந்த நியூரான் பார்வைக்குப் பயன்படாமல் போகலாம்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புக்குள் வெளிச்சம் ஓடுவதில்லை. காதிலிருந்து போகும் நரம்புக்குள் ஒலியும் ஓடுவதில்லை. இரண்டிலும் ஓடுவது ஒரே வகையான மின்துடிப்பு. அதன் உயரம் ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, நீளம் ஆயிரத்தில் ஒரு விநாடி அளவு. இரண்டு நரம்புகளிலிருந்தும் ஒவ்வொரு துடிப்பைப் பதிவு செய்து என்னிடம் கொடுத்தால், வடிவத்தை மட்டும் பார்த்து எது கண்ணுடையது, எது காதுடையது என்று என்னால் சொல்ல முடியாது. கண்களை அழுந்தக் கசக்கும்போது வெளிச்சப் புள்ளிகள் மின்னுவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அங்கே வெளிச்சம் எதுவும் இல்லை, விரலின் அழுத்தம்தான் விழித்திரையைத் தூண்டுகிறது. ஆனாலும் நமக்குத் தெரிவது வெளிச்சம், ஏனென்றால் அந்த நரம்பு போய்ச் சேரும் இடம் பார்வைக்கான மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு. ஜெர்மன் உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை ஒரு விதியாகச் சொல்லிவைத்தார்.

சரி, இணைப்பு எப்படி வேலையாக மாறுகிறது? இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. நரம்பியலில் இதைவிட அழகான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1958-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனையின் பார்வைப் புறணியில் மெல்லிய மின்முனையைச் செலுத்தி, ஒற்றை நியூரானின் துடிப்புகளை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கரும்புள்ளி உள்ள கண்ணாடித் தகட்டைக் கருவியில் செருகி, அந்தப் புள்ளியின் பிம்பத்தை விழித்திரையில் விழச் செய்தார்கள். புள்ளியை எங்கே காட்டினாலும் நியூரான் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் தகட்டைச் செருகும் நேரத்தில் திடீரென்று ஒலிபெருக்கி படபடவென்று வெடித்தது. நியூரானை எழுப்பியது புள்ளி அல்ல என்பது பிறகுதான் புரிந்தது. தகடு நகரும்போது அதன் விளிம்பு ஏற்படுத்திய மெல்லிய நிழல்கோட்டுக்குத்தான் அது பதில் தந்தது. அந்தக் கோடும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருக்க வேண்டும், சாய்வு மாறினால் நியூரான் அடங்கிவிடும்.

கோட்டின் சாய்வை அறியும் திறமை அந்த நியூரானுக்கு எப்படிக் கிடைத்தது? விழித்திரையிலிருந்து கிளம்பும் செய்தி, மூளையின் உள்ளே இருக்கும் தலாமஸில் கைமாறிப் பிறகு புறணிக்குப் போகிறது. தலாமஸ் நியூரான் ஒவ்வொன்றும் காட்சியில் ஒரு சிறு வட்டத்தை மட்டுமே கவனிக்கும். கோடு, சாய்வு எதுவும் அதற்குத் தெரியாது. இப்போது, ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமைந்த வட்டங்களைக் கவனிக்கும் சில நியூரான்கள், புறணியில் உள்ள ஒரே நியூரானுக்குத் தங்கள் இழைகளை நீட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி விழுந்தால் அவற்றில் ஒன்றுதான் துடிக்கும். புறணி நியூரானை எழுப்ப அது போதாது. அந்த வரிசையின் மேலேயே ஒரு கோடு விழுந்தால் எல்லாம் ஒருசேரத் துடிக்கும், அப்போது புறணி நியூரானும் துடித்துவிடும். கோடு குறுக்கே விழுந்தால் மறுபடியும் ஒன்றிரண்டுதான் துடிக்கும், புறணி நியூரான் பேசாமல் இருக்கும். வந்து சேரும் வட்டங்களின் வரிசை செங்குத்தாக இருந்தால் அது செங்குத்துக் கோட்டை அறியும் நியூரான். வரிசை சாய்ந்திருந்தால் சாய்கோட்டை அறியும் நியூரான். நியூரானுக்குள் எதையும் மாற்ற வேண்டியதில்லை, வரும் இழைகளின் அடுக்கு மாறினால் வேலை மாறிவிடுகிறது. 1962-ல் அவர்கள் முன்வைத்த இந்த விளக்கம், பின்னாளில் நடந்த நேரடி அளவீடுகளில் அதன் சாரத்தில் நிலைத்து நின்றது.

இதையே தலைகீழாகவும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மிருகாங்க சூரின் ஆய்வுக் குழு, பிறந்த உடனே ஃபெரட் என்ற சிறு விலங்கின் நரம்புப் பாதையை மாற்றி, கண்ணின் இழைகள் தலாமஸில் கேட்பதற்கான பகுதிக்குப் போகும்படி செய்தது. அங்கிருந்து செய்தி போவது கேட்பதற்கான புறணிக்கு. அந்த விலங்கு வளர்ந்த பிறகு பார்த்தால், ஒலிகளை அறிந்திருக்க வேண்டிய அந்தப் பகுதியில் கோட்டின் சாய்வை அறியும் நியூரான்கள் இருந்தன! அவற்றின் ஒழுங்கு இயல்பான பார்வைப் புறணியில் இருப்பதைப்போல அவ்வளவு நேர்த்தியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த விலங்குகள் அந்தப் பகுதியைக் கொண்டு ஒளியை ஒளியாகவே உணர்ந்தன என்று 2000-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதர்களிலும் இதற்குச் சான்று உண்டு. சிறு வயதிலிருந்தே பார்வை இல்லாதவர்கள் பிரெய்ல் எழுத்தை விரலால் தடவிப் படிக்கும்போது, அவர்களுடைய பார்வைப் புறணி மும்முரமாக இயங்குவது 1996-ல் ஸ்கேன்களில் தெரிந்தது. அடுத்த ஆண்டு, வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து அந்தப் பகுதியின் இயக்கத்தைச் சிறிது நேரம் குலைத்தபோது, அவர்களுடைய வாசிப்பில் பிழைகள் வந்தன. கண்ணிலிருந்து செய்தி வராத இடம் காலியாகக் கிடக்கவில்லை, விரல்நுனியின் செய்தியை எடுத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது.

உங்கள் மகளின் நிலையும் இந்த வரிசையில் வருவதுதான். வீசலும் ஹ்யூபலும் 1963-ல் வெளியிட்ட ஆய்வில், பூனைக்குட்டிகள் கண் திறக்கும் பருவத்திலேயே ஒரு கண்ணின் இமையை மூடித் தைத்து, இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். கண் தெளிவாக இருந்தது. விழித்திரை ஒளிக்குப் பதில் தந்தது. தலாமஸ் வரை செய்தி போய்ச் சேர்ந்தது. புறணியில் மட்டும், ஏறக்குறைய எல்லா நியூரான்களும் திறந்திருந்த கண்ணுக்கே பதில் தந்தன, மூடியிருந்த கண்ணைப் பொருட்படுத்தவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை மாதக்கணக்கில் மூடி வைத்தாலும் இப்படி ஆகவில்லை. (இதைப் படிக்கையில் அந்த உயிர்களை நினைத்து உங்களுக்கு மனம் கனக்கலாம். எனக்கும் கனக்கும். பிறவியிலேயே கண்புரை உள்ள குழந்தைக்கு வருடக்கணக்கில் காத்திருக்காமல் முதல் சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்ற தெளிவு உறுதிப்பட, இந்த ஆய்வுகளும் ஒரு காரணம்.)

அடுத்துச் செய்த சோதனைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரு கண்ணை மூடினால் இவ்வளவு பாதிப்பு என்றால், இரண்டு கண்களையும் மூடினால் புறணி முழுவதும் செயலற்றுப் போயிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. நியூரான்களில் பாதிக்கும் மேற்பட்டவை கண்களுக்கு இன்னும் பதில் தந்துகொண்டிருந்தன, அவற்றில் ஒரு பகுதி இயல்பு மாறியிருந்தாலும். எனவே, செய்தி வராததால் மட்டும் இணைப்பு அறுந்துவிடவில்லை. பக்கத்தில் இன்னொரு கண் வலுவாகப் பேசிக்கொண்டிருந்ததால்தான் அறுந்தது. நிலத்துக்காரர் ஒருவர் வராமலே இருந்தால் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை மெல்ல நகர்த்திக்கொண்டே வருவாரே, புறணியில் நடப்பதும் அதுதான். இரு கண்களும் அடுத்தடுத்த பட்டைகளாகப் புறணியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று மங்கினால் மற்றது பரவுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். ஒரு நியூரான் துடித்து, அதையொட்டி அடுத்ததும் துடித்தால் அந்த சினாப்ஸ் வலுப்படும் என்று கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949-ல் ஊகித்தார். 1973-ல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகியோர் முயலின் மூளையில் அப்படிப்பட்ட வலுப்படுதலை அளந்தே காட்டினார்கள். உங்கள் மகளின் இடது கண் அனுப்பியது பவர் குறைபாட்டால் மங்கிய படம். வலது கண் அனுப்பியது கூர்மையான படம். புறணி நியூரானைத் துடிக்க வைப்பதில் வலது கண்ணின் இழைகளே திரும்பத் திரும்ப வென்றன, அவற்றின் சினாப்ஸ்கள் வலுத்தன. இடது கண்ணின் இழைகள் துடித்தபோதெல்லாம் புறணி நியூரான் வேறு தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தது, அதனால் அவற்றின் சினாப்ஸ்கள் தளர்ந்தன. ‘சோம்பேறிக் கண்’ என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அந்தக் கண் ஒருநாளும் சோம்பியிருக்கவில்லை, அதன் பேச்சு எடுபடவில்லை, அவ்வளவுதான். குழந்தையின் காதில் அந்தப் பெயர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல கண்ணை ஏன் மூட வேண்டும் என்பதற்கு இதுவே பதில். கண்ணாடி இடது கண்ணின் படத்தைக் கூர்மையாக்கும், சில குழந்தைகளுக்கு அதுவே கணிசமான முன்னேற்றம் தரும். ஆனால் போட்டி நடந்துகொண்டிருக்கும் வரை வலது கண்ணின் கையே ஓங்கியிருக்கும். அதைச் சில மணி நேரம் விலக்கி வைத்தால், புறணி நியூரான்களைத் துடிக்க வைக்கும் வாய்ப்பு இடது கண்ணின் இழைகளுக்குக் கிடைக்கிறது. தளர்ந்த சினாப்ஸ்கள் மீண்டும் வலுப்பெறும் வழி அதுதான்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன, புறணியைப் பொறுத்தவரை ஏறக்குறைய எல்லாமே பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் புதிய நியூரான்கள் தேவையே இல்லை. மாற வேண்டியவை இணைப்புகள், அவை பிறந்த பிறகுதான் மிக வேகமாக மாறுகின்றன. பார்வைப் புறணியில் சினாப்ஸ்களின் அடர்த்தி முதல் வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு பல ஆண்டுகள் மெல்ல மெல்லக் குறைகிறது. பயன்படுபவை தங்குகின்றன, பயன்படாதவை நீங்குகின்றன. ஐந்து வயதில் அந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளிலும் கணிசமானவர்களுக்கு முன்னேற்றம் கிடைத்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, வயது கூடக் கூடப் பலன் குறையும் என்பதும் உண்மை. அதனால் உங்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை. காத்திருக்கவும் காலம் இல்லை. வளர வளரத் தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

உங்கள் அண்ணன் மகனுக்கும் ஒரு பதில் வேண்டும். இவ்வளவு நேரம் நான் எழுதியதைப் படித்தால் தான் சொன்னதே சரி என்று அவர் மகிழக்கூடும். வயரிங்கின் முக்கியத்துவத்தில் அவர் சரி. நியூரான்கள் எல்லாம் ஒன்றுதான் என்பது தவறு. சிறுமூளையில் உள்ள பர்கின்ஜி நியூரான், விசிறிபோல் கிளைத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சினாப்ஸ்களைப் பெறுகிறது. வேறு சில நியூரான்களுக்குச் சில கிளைகளே உண்டு. அடுத்ததைத் தூண்டும் நியூரான்களும் இருக்கின்றன, அடக்கும் நியூரான்களும் இருக்கின்றன. இந்த அடக்கும் வகை இல்லாமல் உங்கள் மகளின் சிகிச்சையைப் பற்றியே பேச முடியாது. எலிகளில் இந்த நியூரான்களின் அடக்கும் ரசாயனம் போதிய அளவு வெளிப்படாதபோது, கண்களுக்கிடையே இணைப்புகளை மாற்றியமைக்கும் அந்தப் பருவமே தொடங்கவில்லை என்று டகாவோ ஹென்ஷ் குழு 1998-ல் காட்டியது. மருந்து கொடுத்து அடக்கத்தைக் கூட்டியபோது பருவம் தொடங்கியது. ஆக, வயரிங் எப்போது மாறலாம் என்பதையே நியூரான்களின் வகையும் வயதும் தீர்மானிக்கின்றன.

வயரிங் வரைபடம் மட்டும் கையில் இருந்தால் மூளையைப் புரிந்துகொண்டுவிடலாமா என்று அவர் அடுத்து கேட்பார். 302 நியூரான்கள் கொண்ட ஒரு சிறு புழுவின் முழு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. சுமார் 1,39,000 நியூரான்கள் கொண்ட பழ ஈயின் மூளை வரைபடம் 2024-ல் வெளியானது. இரண்டும் பெரும் சாதனைகள். ஆனாலும் அந்தப் புழு அடுத்த நிமிடம் என்ன செய்யும் என்று வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியவில்லை. நண்டின் இரைப்பையை அசைக்கும் சுமார் முப்பது நியூரான்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஈவ் மார்டர், இதற்கான காரணத்தைத் தெளிவாகக் காட்டினார். அதே முப்பது நியூரான்கள், அதே இணைப்புகள். மேலே படரும் ரசாயனம் மாறினால் அவை எழுப்பும் தாளம் மாறிவிடுகிறது. இணைப்பு ஒரு நியூரானால் என்னென்ன செய்ய முடியும் என்ற எல்லையை வரைகிறது. அந்த எல்லைக்குள் இந்த நொடி எது நடக்கும் என்பது அணுவின் வகை, அதைச் சூழ்ந்த ரசாயனம், சற்று முன் நடந்தது என்று பலவற்றைப் பொறுத்தது. தேர்வுக்கு இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். மிதமான குறைபாடு உள்ள ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், தினமும் இரண்டு மணி நேரம் மூடுவது ஆறு மணி நேரம் மூடுவதற்கு ஈடான பலன் தருவதாக 2003-ல் வெளிவந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. எனவே இரண்டு மணி நேரம் குறைவோ என்று கவலைப்பட்டு நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். அளவு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வை தற்காலிகமாகக் குறைந்துபோகவும் வாய்ப்புண்டு, சொன்ன தேதிகளில் பரிசோதனைக்குப் போகச் சொல்வது அதனால்தான். கண்ணை மூடும் பேட்ச் தோலில் ஒட்டும் வகையாக இருந்தால் நல்லது. கண்ணாடியின் மேல் மாட்டும் வகையில் குழந்தைகள் ஓரமாக எட்டிப் பார்த்துவிடுவார்கள், பார்த்துவிட்டால் அந்த நேரம் கணக்கில் சேராது. மூடியிருக்கும் நேரத்தில் படம் வரைவது, மணி கோப்பது, எழுத்துக்கூட்டிப் படிப்பது என்று கண்ணுக்கு நுணுக்கமான வேலை கொடுங்கள். முதல் சில நாட்கள் அழுவாள், முட்டிக்கொள்வாள். தெரியாத கண்ணால் உலகத்தைப் பார்க்கச் சொல்கிறோம், அவளுக்கு அது உண்மையிலேயே கஷ்டம். அடம் பிடிக்கிறாள் என்று கோபப்படாமல், முதல் நாட்களில் அந்த நேரம் முழுக்க அருகில் இருங்கள். பேட்ச் ஒட்டவே முடியாத நிலை வந்தால் விட்டுவிடாதீர்கள். நல்ல கண்ணின் பார்வையைச் சற்று மங்கச் செய்யும் அட்ரோபின் சொட்டு மருந்து என்ற மாற்று வழி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

பார்வை தேறிய பிறகும் கண்காணிப்பை நிறுத்த வேண்டாம். சிகிச்சையை நிறுத்திய முதல் ஆண்டுக்குள் சுமார் நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை ஓரளவு மீண்டும் இறங்குகிறது. போட்டி ஓய்வதில்லை என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான், உடனே கவனித்தால் மறுபடி ஏற்றிவிடலாம். இந்தக் குறை குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. வீட்டில் அவளைவிடச் சிறிய குழந்தைகள் இருந்தால், பள்ளிப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.